மீட்டர் ஓடாத வீடு

போன வாரம் என் பழைய அலுவலகத்திலிருந்து கார்த்திகா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். "மேடம், அந்தத் தீவுக்குக் குடிபோறவங்களுக்கு ஒரு பத்து டிப்ஸ் எழுதித் தாங்க, சின்னப் புத்தகமா போடறோம். உங்க அனுபவத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கோங்க" என்றாள். நல்ல பெண். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதில் முதல் குறிப்பைப் படித்துக் காட்டச் சொன்னேன். "வீட்டுச் சாவி வாங்கிய அன்றே குழாயையும் விளக்கையும் பயன்படுத்தத் தொடங்குங்கள். கலாச்சாரக் காரணங்களுக்காகத் தாமதிக்க வேண்டாம்" என்று படித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வரி யார் வயிற்றில் அடித்துக் கிடைத்தது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் பத்து டிப்ஸுக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். அச்சில் ஏற்றுவதும் அடுப்பில் போடுவதும் அவர்கள் இஷ்டம்.

நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே இன்னும் நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். ஐரோப்பாவில் ஒரு குட்டித் தீவு. வரி குறைவு, வெயில் உண்டு, இங்கிலீஷ் பேசினால் காரியம் நடக்கும். இந்த மூன்றையும் சொன்னால் போதும், தி.நகரில் கடை வைத்திருப்பவரும் அடையாறில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருப்பவரும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார்கள். நாலாவதாக ஒன்று உண்டு. அங்கே வரியைக் குறைப்பது அங்கே வந்து வாழ்கிறவர்களுக்குத்தான். இதைச் சொன்னதும் பாதிப் பேர் மறுபடி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

நான் ராயப்பேட்டையில் ஒரு சின்ன டிராவல்ஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். வளைகுடாவுக்குப் போகும் தையல்காரர்களுக்கும் சமையல்காரர்களுக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தே எந்தச் சான்றிதழுக்கு எந்த முத்திரை, எதை முதலில் வாங்க வேண்டும், எதைக் கடைசியில் வாங்க வேண்டும் என்பதெல்லாம் மனதில் படிந்துவிட்டது. அந்த முதலாளி கடையை மூடியதும் தேனாம்பேட்டையில் மோகன் சாரின் கன்சல்டன்ஸிக்கு வந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கேதான்.

என் வேலை இதுதான். குடும்பம் வந்து உட்காரும். கல்யாணச் சான்றிதழ் கேட்பேன். பாதிப் பேரிடம் இருக்காது. கோயிலில் கல்யாணம் பண்ணி, கல்லூரி போகிற பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, பதிவு மட்டும் பண்ணியிருக்க மாட்டார்கள். தலை நரைத்த தம்பதிகளைப் பழைய பத்திரிகையும் ஆல்பமுமாகப் பதிவாளர் அலுவலக வாசலில் நிற்க வைத்திருக்கிறேன். அந்த அம்மாக்களுக்கு ஒரே வெட்கம். பிறகு போலீஸ் சான்றிதழ், அதைச் சீக்கிரம் வாங்கினால் காலாவதியாகிவிடும் என்பதால் கடைசியில்தான் வாங்கச் சொல்வேன். அப்புறம் வாடகை ஒப்பந்தம். அதை அந்த நாட்டில் பதிவு செய்த பிறகுதான் குடியிருப்பு அட்டைக்கு மனு போட முடியும். மனு போட்ட பின் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார். நீங்கள் நிஜமாகவே அங்கே இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ளத்தான். தண்ணீர் மீட்டரையும் கரண்ட் மீட்டரையும் பார்ப்பார். பக்கத்து வீட்டில் விசாரிப்பார். நியாயமான முறை என்றுதான் நான் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

காகிதம் முடிந்ததும் வீட்டம்மாவை மட்டும் தனியாக உட்கார வைத்துப் பேசுவேன். ஆண்களுக்கு வரி விகிதம் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது. அந்தத் தீவில் ஆறு கிடையாது, கடல் தண்ணீரைத்தான் சுத்திகரித்து விடுகிறார்கள், குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், பருப்பு வேகாது, காபி வாயில் வைக்க முடியாது என்று சொல்வேன். குளிர்காலத்தில் கல் வீட்டுச் சுவரெல்லாம் ஈரம் பூத்து அலமாரியில் துணி நாறும். கோடையில் அரசு அலுவலகம் மத்தியானத்தோடு சரி. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்பேன். "சாவி கையில வந்ததும் முதல்ல என்னம்மா பண்ணுவீங்க?" இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு பெண்ணும் சொல்லும் பதிலில் அந்தக் குடும்பத்துக்கு அங்கே என்ன சிக்கல் வரும் என்பது தெரிந்துவிடும். இது நானாகக் கண்டுபிடித்த முறை. எந்தப் படிப்பிலும் வராது.

இனி மோகன் சார். எப்போதும் வெள்ளை முழுக்கைச் சட்டை, கையில் ஒரு டம்ளர் வெந்நீர். குரலை உயர்த்தவே மாட்டார். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் "சிம்பிள் சார்" என்பார். நல்ல விஷயத்தை மெயிலில் எழுதுவார். மற்ற விஷயத்தை அறைக்கு வெளியே, தண்ணீர் கேன் வைத்திருக்கும் மூலைக்கு நடந்து வந்து, வெந்நீர் பிடித்துக்கொண்டே வாயால் சொல்வார். எனக்கே அப்படித்தான் பலமுறை சொல்லியிருக்கிறார். "பேப்பர்ல வேணாம்மா. அது வாய்ல சொல்ற விஷயம்."

அந்த மூலையில் நின்று அவர் விற்ற சரக்கு ஒன்று உண்டு. அங்கே போய் வாழ விருப்பமில்லாத பணக்காரர்களுக்கு அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கொடுத்துவிடுவார். அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை போய் ஹோட்டலில் தங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டு மயிலாப்பூருக்குத் திரும்பிவிடுவார்கள். இங்கே வரி அலுவலகத்தில் என்ன காட்டினார்கள் என்பது அவரவர் ஆடிட்டருக்கே வெளிச்சம். வீடு காலி என்று தெரியாமல் இருப்பதற்கு அந்தத் தீவில் ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார். அவன் வேலை வீடு வீடாகப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, விளக்கைப் போட்டு, மீட்டர் ஓட வேண்டிய அளவு ஓடியதும் மூடிவிட்டு வருவது.

இது எனக்குத் தெரிய வந்தது ஒரு கோடையில். மந்தைவெளியில் எங்கள் தெருவில் குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. லாரி வரும் நேரம் தெரியாமல் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆபீஸுக்கு ஓடி வந்திருந்தேன். அங்கே வந்து பார்த்தால், ஆறே இல்லாத ஒரு ஊரில் ஆளே இல்லாத வீட்டில் சாக்கடைக்குத் தண்ணீர் விடுகிறவனுக்குச் சம்பளக் கணக்கு என் மேஜையில் கிடந்தது. நேராகப் போய்க் கேட்டேன். "காலி வீட்டுல தண்ணி ஓடுது, அவ்ளோதானே. இதுல யாரும்மா பாதிக்கப்படறா?" என்றார் மோகன் சார், வெந்நீரை ஊதிக்கொண்டே. நிஜமாகவே குடிபோகிறவர்களின் ஃபைலை மட்டும்தான் இனிமேல் தொடுவேன் என்றேன். அதற்கும் "சிம்பிள்" என்றார்.

கோபி, மாலதி குடும்பம் அப்படி நிஜமாகக் குடிபோனவர்கள். வடபழனிக்காரர்கள். கோபி சினிமாவுக்கு ஒலி சேர்க்கும் தொழில்நுட்பக் கலைஞர். கதவு சாத்தும் சத்தம், மழை, செருப்புச் சத்தம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கோத்துக் கொடுப்பவர். வெளிநாட்டுப் படங்களுக்குச் செய்யத் தொடங்கி, அந்தத் தீவில் ஒரு சின்ன ஸ்டூடியோ போடலாம் என்று கிளம்பினார். வடபழனியில் இருந்த ஒரே ஃப்ளாட்டை விற்றுவிட்டார்கள். பெண் தீபிகாவைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அங்கே அட்டை கிடைக்காவிட்டால் திரும்பி வர வீடும் இல்லை, பள்ளியும் இல்லை.

இந்த இடத்தில் மோகன் சாரின் ஆடித் தள்ளுபடியைச் சொல்ல வேண்டும். தி.நகரில் புடவைக்கு உண்டு, பாத்திரத்துக்கு உண்டு, எங்கள் ஆபீஸிலும் உண்டு. ஆடியில் யாரும் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள், வியாபாரம் படுத்துவிடும். அதனால் ஆடி மாதத்தில் வாடகை ஒப்பந்தம் தொடங்குகிறவர்களுக்குப் பாதிக் கட்டணம் என்று போட்டார். "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பெரியவங்களே சொல்லிருக்காங்களேம்மா" என்று சிரித்தார். விதை விதைக்கிற மாதம் வேறு, வீடு குடிபோகிற மாதம் வேறு, இது சரிவராது சார் என்று சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதோடு தள்ளுபடிக்காரர்களை நான் தனியாக உட்கார வைத்துப் பேசுவதையும் நிறுத்திவிட்டார். பாதிக் கட்டணத்துக்கு அவ்வளவு நேரம் கட்டுபடியாகாதாம். மாலதியிடம் அந்தக் கேள்வியை நான் கேட்கவே முடியவில்லை.

கேட்டிருந்தால் மாலதி என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். ஆடியில் கட்டணம் பாதி, அதனால் ஒப்பந்தத்தை ஆடியில் போட்டார்கள். ஆனால் ஆடியில் புது வீட்டில் பால் காய்ச்ச முடியாது, அதனால் வீட்டுக்குள் காலை வைக்கவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. நமக்கும் தோன்றியிருக்காது. ஆடித் தள்ளுபடியில் வாங்கிய பட்டுப்புடவையை ஆவணிக் கல்யாணத்துக்குத்தானே நாம் கட்டுகிறோம்?

இரண்டு தெரு தள்ளி ஸ்டெல்லா என்று நாகர்கோவில் நர்ஸ் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். முன்பு என் கையால் போன குடும்பம் அது. அவர் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார். பெட்டிகள்கூட அவர் வீட்டு நடையில்தான் கிடந்தன. தினமும் சாயங்காலம் மாலதியும் தீபிகாவும் தாங்கள் எடுத்த வீட்டுக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் போய் நின்று, எந்த ஜன்னல் யாருடைய அறை என்று பேசிவிட்டு வருவார்களாம். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நாள் குறித்து, புதிதாக ஒரு பால் பாத்திரமும் வாங்கி வைத்தாகிவிட்டது. எனக்குப் போன் செய்து, "தண்ணி நீங்க சொன்னதா ஸ்டெல்லாக்கா சொன்ன மாதிரியே உப்பு மேடம். காபி போட்டா ரசம் மாதிரி இருக்கு" என்று மாலதி சிரித்தார். சந்தோஷமாக இருந்தார். எந்த வீட்டிலிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை, சொல்ல அவருக்கும் தோன்றவில்லை.

ஆடி முடியும் தறுவாயில் ஆள் வந்து பார்த்துவிட்டார். கட்டில் இல்லை, அடுப்பு பற்ற வைத்த அடையாளம் இல்லை, தண்ணீர் மீட்டர் அசையவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் இங்கே விளக்கெரிந்து பார்த்ததில்லை என்று உள்ளதைச் சொன்னார். யாரும் குடியிருக்கவில்லை என்று எழுதி, மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

கோபி அன்று பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "மேடம், நாங்க இங்கதான் கீறோம். ரெண்டு தெரு தள்ளி கீறோம். இந்த ஊர்லயே இல்லாதவங்கன்னு எழுதிட்டாங்க மேடம். இன்னா மேடம் இது?"

அந்த நாட்டு அலுவலகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். விளக்கம் கொடுக்க அவகாசம் தந்தார்கள். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சேர்த்தேன். மாலதி தன் கைப்பட எழுதியது, ஸ்டெல்லாவின் வாக்குமூலம், தீபிகாவின் நூலக அட்டை, பஸ் பாஸ், ஆடியில் புது வீடு புக மாட்டோம் என்பதற்குப் பஞ்சாங்கப் பக்கத்தை மொழிபெயர்த்து ஒரு பிரதி. சேர்த்துவிட்டு மோகன் சாரிடம் போனேன். மனுவைப் போட்ட ஏஜென்ட் என்ற முறையில் அவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இவர்கள் இந்த ஊரில்தான் இருந்தார்கள் என்று. அது இல்லாமல் மற்றதெல்லாம் செல்லாது.

அவர் அறையில் பதில் சொல்லவில்லை. எழுந்து தண்ணீர் கேன் மூலைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"வசந்தி, நல்லா யோசிங்க. வீடு காலியாத்தான் இருந்துச்சு, ஆனா காரணம் இருக்குன்னு நாமளே எழுதிக் குடுத்தா, அவன் இந்த ஏஜென்ட் போட்ட மத்த வீட்டையெல்லாம் போய்ப் பாக்க மாட்டானா? ஒரு கதவைத் தட்டினா எல்லாக் கதவையும் தட்டுவான்."

"அதுக்காக நிஜமா போனவங்களை விட்டுடறதா சார்?"

"விடலைம்மா. நாம ஒண்ணும் சொல்லல. அவ்ளோதான்."

அவர் கையெழுத்து இல்லாமலே நான் அனுப்பினேன். நியாயமாகத்தான் பதில் வந்தது. காரணம் ஏற்கக்கூடியதுதான், ஏஜென்ட் உறுதிப்படுத்தட்டும் என்றார்கள். அந்தக் கேள்வி மோகன் சாரின் மெயிலுக்கு வந்தது. நான் தினமும் நினைவுபடுத்தினேன். பார்க்கிறேன் என்றார். இல்லை, எழுத மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோபி வேறு வக்கீலையாவது பிடித்திருப்பார். அதையும் சொல்லவில்லை. அவகாசம் தீரும் வரை வாயை மூடிக்கொண்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். மனு கிடப்பிலேயே செத்தது.

அந்த ஆபீஸில் நான் கத்தியது அன்று ஒரு நாள்தான். மற்ற வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "பொய்யா குடியிருக்கறவங்க வீட்டுல தண்ணி ஓடுது சார். நிஜமா போனவங்க நடுத்தெருவுல நிக்கறாங்க. உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டேன்.

"வருதும்மா" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போல, எப்போதும் போல மெதுவாகச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் என்னிடம் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். மடியில் கனம் இல்லாதவர்களுக்கு வழியில் பயமில்லை என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதை நம்பி யாரும் கிளம்பாதீர்கள். மடி நிறையக் கனத்தோடு போனவர்கள் எல்லாம் மீட்டர் ஓட ஓடச் சுகமாக இருந்தார்கள். ஒன்றுமே இல்லாமல் போனவர்களைத்தான் சோதித்தார்கள். அந்த ஊர்க்காரர்களைச் சந்தேகப்பட வைத்தவர்கள் யார்? இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்து, பாலிஷ் போட்ட மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அதற்குப் பிறகு என்னை ஃபைல் பக்கமே விடவில்லை. வரவேற்பு மேஜைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். கத்தியைத் தொடாமல் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

கோபி குடும்பம் திரும்பி வந்தது. சாலிகிராமத்தில் ஒரு வாடகை வீடு. கோபி யாரோ ஒருவர் ஸ்டூடியோவில் கூலிக்கு உட்கார்ந்தார். வருஷத்தின் நடுவில் எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாமல் தீபிகாவுக்கு ஒரு வருஷம் போயிற்று. நான் அவர்களைப் பார்க்கப் போனேன். மாலதி காபி கொண்டு வந்தார். அடுப்பில் அந்தப் புதுப் பால் பாத்திரம் இருந்தது. தீவிலிருந்து சும்மாவே திரும்பி வந்த பாத்திரம்.

எப்போது குடி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"மார்கழியில மேடம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்த மாசமா இருந்தா என்ன மேடம் இனிமே" என்றார்.

ஆடிக்காக ஒரு மாதம் நடைபாதையில் நின்று வீட்டை வேடிக்கை பார்த்த பெண், மார்கழியில் புது வீட்டில் பால் காய்ச்சியிருக்கிறார். யாரிடமும் கோபப்பட்டுப் பேசவில்லை. நான் கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டார். "ஸ்டெல்லாக்கா வீட்ல இருந்தோம்னு சொல்லாம, ஒரு நாள் போயி குழாயைத் திறந்து விட்டிருந்தா நாங்க அங்கயே இருந்திருப்போம், இல்ல மேடம்?" இல்லை என்று சொன்னால் பொய். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

இப்போது கார்த்திகாவின் புத்தகத்தில் முதல் டிப்ஸாக அதே குழாய் வந்து நிற்கிறது. அந்தக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தியவரே அதிலிருந்து பாடம் எடுத்து, கட்டணத்தோடு விற்கிறார். கார்த்திகா, நீ கேட்டாய் என்பதால் என் பங்குக்கு ஒரே ஒரு குறிப்பு தருகிறேன். அந்த ஊரில் வாழ விருப்பம் இருந்தால் மட்டும் போகச் சொல். வருகிற வீட்டம்மாவைத் தனியாக உட்கார வைத்து, சாவி கையில் வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேள். பாதிக் கட்டணம் கொடுத்தவரையும் கேள். உன் முதலாளி தண்ணீர் கேன் பக்கம் நடக்க ஆரம்பித்தால் நீ உன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. சொல்வதை மெயிலில் எழுதச் சொல்.

இதை எழுத உட்கார்ந்த அன்று காலையில் ஒன்று நடந்தது. லஸ் பக்கத்துப் பூங்காவில் நான் தினமும் நடப்பேன். அங்கே டைல்ஸ் வியாபாரி ஒருவரும் நடப்பார். மோகன் சாரின் காகிதத்தில் அவர் பல வருஷமாக அந்தத் தீவில் குடியிருக்கிறார். மழை பெய்தால்தான் பூங்காவுக்கு வர மாட்டார். என்னைப் பார்த்ததும் நின்று, அன்பாகக் குசலம் விசாரித்தார்.

"நல்லவேளை, உங்களைப் பாத்தேன் மேடம். பொண்ணும் மாப்பிள்ளையும் லீவுக்கு அங்க போறாங்க. கைக்குழந்தை வேற. அந்த ஊர்ல குழாய்த் தண்ணி எப்படி மேடம், குடிக்கலாமா?"

நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். அவர் வீட்டு மீட்டர் அங்கே இந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

"எனக்குத் தெரியாது சார். நான் அங்க போனதில்ல" என்றேன். "குடிச்சுப் பாத்தவங்க சாலிகிராமத்துல இருக்காங்க. விலாசம் தரேன், போய்க் கேளுங்க."

எதற்கு சாலிகிராமம் என்று அவருக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு அடுத்த சுற்று நடக்கப் போய்விட்டார்.